நாலு ஸ்க்ரூ, ஒரு தகடு

அத்தியாயம் 6

"டார்ச்சை ஆட்டாதே ரூஃபஸ்."

"நான் எங்க பாஸ் ஆட்டுறேன்? நெப்ராஸ்கா மாநிலமே ஆடுது."

அதில் பாதி உண்மை. ப்ளம் க்ரீக் விமானத் திடலின் தகரக் கொட்டகைகள் அந்தச் சனிக்கிழமை விடிந்ததிலிருந்தே தெற்குக் காற்றில் தடதடத்துக்கொண்டிருந்தன. மீதிப் பாதி ரூஃபஸின் வயிறு. காலையில் ப்ளம் ஜாம் வைத்த கொலாச்சி ரொட்டிகளை அவன் ஒரு கை பார்த்திருந்தான். அந்த வயிற்றைத் தூக்கிக்கொண்டு ஒரு சின்ன மஞ்சள் விமானத்தின் ஜன்னலுக்குள் குனிந்து டார்ச் பிடிப்பது லேசான காரியமில்லை.

அவனுடைய முதலாளி வில்லா டெசாரெக் இரண்டு இருக்கைகளுக்கும் பின்னால், பெட்டி வைக்கும் குழிக்குள் பாதி உடம்பை நுழைத்திருந்தாள். இன்சூரன்ஸ் கம்பெனியில் பதினைந்து வருஷம் அடுத்தவர் பொய்களைப் பிடித்துச் சலித்து, தனியாகத் துப்பறிய வந்தவள். ரூஃபஸ் அதற்கு முன் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவன். அறுபது பிள்ளைகளின் கூச்சலைவிட வில்லாவின் ஒரு அதட்டல் பரவாயில்லை என்று வந்தவன், இன்னும் அப்படித்தான் நினைக்கிறானா என்பது வேறு விஷயம்.

அவர்களுக்குப் பின்னால், அவர்களைக் கூலிக்கு அமர்த்திய டார்லா நடந்துகொண்டிருந்தாள். கொட்டகையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும், செல்போனைக் கையில் இறுக்கிக்கொண்டு.

"திங்கட்கிழமை வக்கீல் ஆபீஸ் திறக்கும்போது நான் வாசல்ல நிப்பேன். எங்கப்பாவை ஏமாத்தினவன் ரென்ச்சையே தொடக்கூடாது, அப்படிப் பண்ணிடுவேன்" என்றாள்.

விவகாரம் இதுதான். டார்லாவின் அப்பா எமில் குச்சேராவுக்கு எழுபத்தொன்பது வயது. டாக்டர் சர்ட்டிபிகேட்டைப் புதுப்பிக்கப் போனால் முடியாது என்று எழுதிவிடுவார்களோ என்று பயந்து, புதுப்பிக்காமலே விட்ட விமானிகளில் அவரும் ஒருவர். டாக்டர் மறுத்தவனுக்குக் கதவு சாத்தியாயிற்று. கேட்காமலே விட்டவனுக்கு ஒரு சந்து இருக்கிறது. விமானம் 'லைட் ஸ்போர்ட்' ரகமாக இருந்தால் டாக்டர் வேண்டாம், கார் லைசென்ஸ் போதும். அதற்காகவே தன் பெரிய விமானத்தை விற்றுவிட்டு, திடலின் மெக்கானிக் லீலண்டிடமிருந்து எட்டு மாதம் முன்பு ஹார்லன் ரகத்தைச் சேர்ந்த இந்தச் சின்ன விமானத்தை வாங்கினார். மூன்று வாரம் முன்பு பெட்டிக் குழியில் ஒரு தகடு கண்ணில் பட்டது. அன்றிலிருந்து விமானம் தரையில்.

"பாஸ், ஒரு சந்தேகம். இது 1946ல பொறந்த விமானம். லைட் ஸ்போர்ட்ங்கிறது நேத்து வந்த சட்டம். தாத்தாவைக் கொண்டுபோய் கிண்டர்கார்டன்ல சேர்க்க முடியுமா?"

"சேர்க்கலாம்" என்று குழிக்குள்ளிருந்து குரல் வந்தது. "ஒரே இன்ஜின், ரெண்டு சீட்டு, மடங்காத சக்கரம், அளவான வேகம். பாரம் எல்லாம் ஏத்தின பிறகும் மொத்த எடை 1320 பவுண்டைத் தாண்டக்கூடாது. இந்த ஹார்லனுக்கு 1260தான். தாராளமா உள்ள வரும்."

"அப்புறம் எதுக்கு வக்கீல்?"

"பொறந்த நாள்ல இருந்து இன்னிக்கு வரைக்கும் அப்படியே இருந்திருக்கணும். நடுவுல யாராவது ஒரே ஒரு தடவை, இது 1400 தாங்கும்னு மாத்தியிருந்தா முடிஞ்சது. திரும்ப 1260க்கு இறக்கினாலும் செல்லாது. எந்தக் காலத்துக்கும்."

"என் மாமியார் எழுதின சட்டம் மாதிரி இருக்கே" என்று ரூஃபஸ் வாயில் இருந்த பல்குச்சியை இடமிருந்து வலம் மாற்றினான்.

தகட்டில் பொறித்திருந்ததும் அதுவேதான். மாற்றம் செய்யப்பட்டது, அதிகபட்ச எடை 1400 பவுண்டு. விமானத்தின் முதல் பதிவேடான லாக்புக் அறுபதுகளில் ஒரு வெள்ளத்தோடு போய்விட்டது. பிற்பாடு வந்த காகிதங்களில் எல்லாம் 1260. ஆகவே அந்தப் பழைய காலத்துக்கு இந்தத் தகரத்துண்டு ஒன்றே சாட்சி.

வில்லா நாலு ஸ்க்ரூவையும் கழற்றித் தகட்டைப் பின்னால் நீட்டினாள். "உள்ளே சுவர் என்ன கலர்?"

"வெளிறின பச்சை. பள்ளிக்கூடத்துல போடுற பட்டாணி சூப்."

"தகடு இருந்த இடம்?"

"அதுவும் பட்டாணி சூப்."

அடுத்து, பக்கத்தில் கோட்டு மாட்டும் கொக்கி ஒன்றைக் கழற்றினாள். அதன் அடியில் வெள்ளரிக்காய்த் தோல் மாதிரி கரும்பச்சையாக ஒரு வட்டம். ரூஃபஸ் பல்குச்சியைக் கடிப்பதை நிறுத்தினான்.

"பின் கண்ணாடி வழியா அறுபது வருஷ வெயில் இந்தச் சுவர்ல விழுந்திருக்கு. கொக்கி தன் அடியில இருந்த பெயின்ட்டைக் காப்பாத்தியிருக்கு. தகடு ஏன் காப்பாத்தல?"

"அது வேலைக்குச் சேர்ந்தே ஒரு மாசம்தான் ஆகுது."

டார்லாவின் நடை நின்றது. "அப்படின்னா?"

"விமானத்துல குறையே இல்ல மேடம். எடை எப்பவும் கூடல. யாரோ இந்தத் தகட்டைப் புதுசா வெச்சிருக்காங்க" என்றாள் வில்லா.

டார்லா வெளியே ஓடினாள். கொட்டகை வாசலில், கவிழ்த்த வாளிமேல் எமில் குச்சேரா உட்கார்ந்திருந்தார். ஒல்லியான உயரமான மனிதர், தொப்பியைக் காற்று கொண்டுபோகாமல் முழங்காலில் அமுக்கிப் பிடித்திருந்தார்.

"அப்பா, விமானம் லைட்தான். தகடு பொய். நாளைக்கு ஜூனி பறக்கலாம்." குனிந்து அவரைக் கட்டிக்கொண்டாள். "நான் போன் பண்ணி அவகிட்ட சொல்றேன். மூணு வாரமா அழுதுக்கிட்டிருக்கா."

"காத்து ஜாஸ்தியா இருக்கேம்மா."

"நாளைக்கு அடங்கிடும்னு ரேடியோல சொன்னாங்க."

"ஓ" என்றார் எமில்.

நாளை ஞாயிறு. பேத்தி ஜூனிக்குப் பத்து வயது. அவளுடைய முதல் பறத்தல் தாத்தாவோடு என்று குளிர்காலத்திலேயே முடிவானது. இப்படிப்பட்ட சேதி கேட்ட மனிதன் எழுந்து நின்று தொப்பியைத் தூக்கி எறியவேண்டாமா? எமில் தொப்பியை இன்னும் அழுத்தமாகப் பிடித்துக்கொண்டார். ரூஃபஸுக்கு அது உறுத்தியது. ஏன் என்று சொல்லத் தெரியவில்லை.

"தகடு பொய்னா வெச்சது யாரு? லீலண்ட்தான்" என்று டார்லா திரும்பினாள். "விமானத்தைத் திருப்பி எடுத்துக்கறேன்னு அவனாவே வந்து சொன்னான். அப்பவே நான் யோசிச்சிருக்கணும்."

"அரை மணி நேரம் குடுங்க" என்றாள் வில்லா. அவள் ஏற்கெனவே நடக்க ஆரம்பித்திருந்தாள்.

*

சாப்பாட்டுக் கூடத்தில் பான்கேக்கும் காபியும் மணத்தன. ப்ளம் க்ரீக்கில் ஒரு வழக்கம் உண்டு. சனிக்கிழமைக் காலை உணவுக்கு ஒரே நீள மேஜை. வருகிறவர் காலியாக இருக்கும் அடுத்த நாற்காலியில் உட்காரவேண்டும், ஆள் பார்த்து உட்காரக்கூடாது. சொந்த விமானத்தில் வருகிற டாக்டராக இருந்தாலும் பன்றிப் பண்ணைக்காரர் பக்கத்தில் இடம் என்றால் அங்கேதான். அந்த வழக்கம் மூன்று வாரமாக ஓர் இடத்தில் மட்டும் அறுந்திருந்தது. மேஜையின் நடுவே லீலண்ட் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு இந்தப் பக்கம் ஒரு நாற்காலி காலி, அந்தப் பக்கம் ஒன்று காலி.

வில்லா உட்காரவில்லை. "உங்க ஷெட்ல ஒரு ஹார்லன் உடைஞ்சு கிடக்கே. அதுல 1400 தகடு இருந்துதா?"

"இருந்துது. இப்ப இல்ல." லீலண்ட் தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அறுபது வயதுக்காரன், விரல் நகங்களில் நிரந்தரமாகக் கிரீஸ். "ஷெட்டுக்குப் பூட்டு கிடையாது. யார் வேணும்னாலும் போகலாம். நான் வித்தப்ப எமில் விமானத்துல அந்தத் தகடு இல்ல. இதை நான் சொல்லி சொல்லி வாய் வலிக்குது."

"திருப்பி எடுத்துக்கறேன்னு ஏன் சொன்னீங்க?"

"அவன் என் சிநேகிதன். வேற என்ன சொல்றது?"

மேஜைக் கோடியிலிருந்து டிப்டன் என்ற சிவந்த முகக்காரர் குரல் கொடுத்தார். "என்னையும் விசாரிங்க மேடம். அந்த விமானத்துக்கு நானும்தான் நாக்கைத் தொங்கப்போட்டேன். லீலண்ட் எமிலுக்குக் குடுத்துட்டான்."

"அப்ப விலையைக் குறைக்க நீங்களே தகடு வெச்சிருக்கலாமே" என்றான் ரூஃபஸ்.

"வெச்சு? எனக்கும் டாக்டர் பேப்பர் கிடையாது தம்பி. 1400னு பேரு ஒட்டிடுச்சுன்னா எனக்கும் அது கோழிக்கூடுதான். பொண்ணு பார்க்கப் போறவன் பொண்ணு வீட்டுக்கே தீ வைப்பானா?"

கூடத்தில் சிலர் சிரித்தார்கள். லீலண்ட் சிரிக்கவில்லை. சிரப் பாட்டில் எட்டாத தூரத்தில் இருந்தது. அவன் அதை யாரிடமும் கேட்காமல் வறட்டுப் பான்கேக்கை மென்றுகொண்டிருந்தான். ரூஃபஸுக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. பாட்டிலை எடுத்து அவன் பக்கம் வைத்துவிட்டு முதலாளியின் பின்னால் ஓடினான்.

வில்லா புல்வெளியில் காற்றை எதிர்த்து வேகமாகப் போய்க்கொண்டிருந்தாள். தகட்டை அவன் மார்பில் குத்துகிற மாதிரி நீட்டினாள். "ஓட்டைகளைப் பாரு."

நாலு மூலையிலும் ஓட்டைகள் வட்டமாக இல்லை. கோழிமுட்டை வடிவத்தில் இழுபட்டிருந்தன. ஓரமெல்லாம் புதுசாக மின்னியது.

"அரம் போட்டு ராவியிருக்காங்க."

"ஏன்? வேற விமானத்துத் தகடு. ஓட்டையும் ஸ்க்ரூவும் நேரா வராது. நீயா இருந்தா என்ன பண்ணுவே?"

"விமானத்துல புதுசா நாலு ஓட்டை போடுவேன். ரெண்டு நிமிஷ வேலை."

"இவன் விமானத்துல ஒரு கீறல்கூடப் போடல. தகட்டை மணிக்கணக்கா உட்கார்ந்து ராவி, ஏற்கெனவே இருந்த ஸ்க்ரூவுல மாட்டியிருக்கான்."

"அதைக் கெடுக்க வந்தவன் அதையே கொஞ்சியிருக்கான்." ரூஃபஸ் நின்றான். "பாஸ், எனக்கு வர்ற யோசனை எனக்கே பிடிக்கல."

"எமில் விமானத்தைச் சுத்திப் பார்க்குறது இந்தத் திடல்லயே பிரசித்தம். பறக்காத நாள்லகூட வந்து, ஆணி ஆணியா தொட்டுப் பார்ப்பார். அப்படிப்பட்டவர் கண்ணுல படாம, டார்லா கண்ணுல இந்தத் தகடு எப்படிப் பட்டுது?"

"ஜூனி உட்கார ஒரு மெத்தை வாங்கிட்டு வந்தாளாம். அதை உள்ளே வைக்கப் போனப்ப பார்த்ததா சொன்னா."

"எங்க வைக்கச் சொன்னார்?"

மெத்தை சீட்டில் வைக்கிற பொருள். அதைப் பெட்டிக் குழியில் வைக்கச் சொன்னவர் யார் என்று ரூஃபஸுக்கும் தெரிந்துவிட்டது.

"உன் பல்குச்சியைக் குடு" என்றாள் வில்லா.

*

எமில் இன்னும் வாளிமேல்தான் இருந்தார். டார்லா தூரத்தில் தன் வண்டிக்குள் உட்கார்ந்து, காற்றுச் சத்தத்துக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பேசிக்கொண்டிருந்தாள். அவள் சிரிப்பது கண்ணாடி வழியாகத் தெரிந்தது.

"மிஸ்டர் குச்சேரா, நாளைக்குப் பறக்கப் போறீங்க. இன்னிக்கே ஒரு தடவை சுத்திப் பார்த்துடுங்களேன். நீங்க பார்க்குறதை நாங்க பார்த்ததில்ல."

அவருக்கு மறுக்கத் தெரியவில்லை. எழுந்தார். மூக்கிலிருந்து தொடங்கினார். ப்ரொப்பெல்லரின் ஓரத்தை உள்ளங்கையால் வருடினார், டயரை உதைக்காமல் கையால் அமுக்கினார், இறக்கையின் கீழ் மண்டியிட்டு ஒவ்வொரு பின்னையும் விரலால் தொட்டார். வாளிமேல் குனிந்திருந்த கிழவர் எங்கேயோ போய்விட்டார். இப்போது நடந்தது ஒரு விமானி.

ஜன்னலைத் திறந்து பெட்டிக் குழிக்குள் எட்டிப் பார்த்தவர், உடனே கையை விட்டார். தரைவிரிப்பின் மடிப்புக்குள் வில்லா மறைத்து வைத்திருந்த பல்குச்சியை இரண்டு விரலால் எடுத்தார்.

"இது உன்னோடதா தம்பி? இது கேபிள்ல மாட்டினா வாலைத் திருப்ப முடியாது. விளையாடாதே."

"மன்னிக்கணும் பெரியவரே" என்றான் ரூஃபஸ். உண்மையாகவே மன்னிப்புக் கேட்டான்.

வில்லாவின் குரல் தணிந்திருந்தது. "பல்குச்சி உங்க கண்ணுக்குத் தப்பல. உள்ளங்கை அகலத் தகடு எப்படித் தப்பிச்சுது? டார்லா அதைப் பார்க்கட்டும்னுதானே மெத்தையை அங்கே வைக்கச் சொன்னீங்க?"

காற்று கொட்டகையைப் பிடித்து உலுக்கியது. எமில் பல்குச்சியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓட்டை போட மனசு வரல" என்றார் கடைசியில். "அதான் அரம் போட்டேன். மூணு சாயங்காலம்."

ரூஃபஸ் வாளியை அவர் பக்கம் நகர்த்தினான்.

"ஏப்ரல்ல ஒருநாள். கோப்பெக்கி வீட்டுத் தானியக் கோபுரத்துக்கு மேல இருந்தேன், அது ஞாபகம் இருக்கு. அடுத்த ஞாபகம், இதோ இந்தப் புல்லுல விமானம் நிக்குது. ப்ரொப்பெல்லர் சுத்துது. நடுவுல ஒண்ணுமே இல்ல. யார் இறக்கினான்னு தெரியல. நான்தான் இறக்கியிருக்கணும், வேற யாரும் உள்ள இல்லையே."

"டாக்டரைப் பார்த்தீங்களா?"

"இந்த லைசென்ஸ்ல டாக்டர் கிடையாதும்மா. காலைல கண்ணாடியைப் பார்த்து, நான் நல்லா இருக்கேன், பறக்கலாம்னு எனக்கு நானே சொல்லிக்கணும். பொய் சொல்லவும் வரல, உண்மையைச் சொல்லவும் வரல." அவர் விமானத்தின் மூக்கில் கை வைத்தார். "தகடு சொன்னா சட்டம்னு போயிடும். பாவம் எமில், சட்டம் அவனைப் பறக்க விடலன்னு பேசுவாங்க. கிழவன் முடிஞ்சான்னு பேசமாட்டாங்க. ஜூனியும் என் கூட ஏறமாட்டா."

"லீலண்ட்?"

அவர் முகம் சுருங்கிவிட்டது. "அவன்மேல பாயும்னு நான் நினைக்கல. சத்தியமா நினைக்கல. பாய்ஞ்ச பிறகு நிறுத்தவும் இல்ல. மூணு சனிக்கிழமையா அவன் பக்கத்து நாற்காலி காலியா இருக்கறதைப் பார்த்துக்கிட்டே நான் சாப்பிட்டேன்."

தூரத்தில் டார்லா போனை வைத்துவிட்டுக் கதவைத் திறந்தாள். இரண்டு கட்டைவிரலையும் தூக்கிக் காட்டினாள். ஜூனிக்குச் சேதி போய்விட்டது.

"என்னைக் கூலிக்கு வெச்சது உங்க பொண்ணு. தகடு வெச்சது யாருன்னு நான் அவகிட்ட சொல்லியாகணும்" என்றாள் வில்லா. தகட்டை எமிலின் கையில் வைத்தாள். "என் வாயால கேட்டா, நீங்க மாட்டிக்கிட்டீங்கன்னு ஆகும்."

அவர் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தொப்பியைத் தலையில் வைத்து அமுக்கிக்கொண்டு சாப்பாட்டுக் கூடத்தை நோக்கி நடந்தார். காற்று அவரை ஒருபக்கமாகத் தள்ளியது. அவர் நிற்கவில்லை.

*

அவர் உள்ளே வந்தபோது இரண்டு மூன்று பேர், இங்கே வா என்பதுபோல நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். எமில் அவர்களைத் தாண்டிப் போய் லீலண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். கூடத்தில் கரண்டிச் சத்தம் நின்றுபோனது. தகட்டை சிரப் பாட்டிலுக்கும் காபிக் கோப்பைக்கும் நடுவே வைத்தார்.

"இதை வெச்சது நான்" என்றார். எல்லோருக்கும் கேட்கிற குரலில் சொன்னார். "விமானம் லைட்தான். லீலண்ட் வித்தப்ப எப்படி இருந்துதோ அப்படியேதான் இருக்கு. பறக்கற நிலைமையில இல்லாதது நான். ஏப்ரல்ல மேல பறக்கறப்ப எனக்கு நினைவு தப்பிடுச்சு. அதைச் சொல்ல வெட்கப்பட்டுக்கிட்டு இவன் பேரைக் கெடுத்துட்டேன்."

வாசலில் டார்லா நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று யாரும் கவனிக்கவில்லை. கையில் போன் தொங்கியது. நாளை அந்த இரண்டாவது சீட்டில் யார் உட்கார இருந்தாள் என்ற நினைப்பு அவள் முகத்தில் வெள்ளையாக ஏறுவதை ரூஃபஸ் பார்த்தான்.

லீலண்ட் முள்கரண்டியைக் கீழே வைத்தான். "மூணு வாரம், எமில்."

"தெரியும்."

"நீ என் கடைக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அந்த ப்ரொப்பெல்லரைக் கழட்டி ஒளிச்சு வெச்சுட்டு, வரவழைச்ச பார்ட் வரலன்னு ஆயுசு முழுக்க நானே பொய் சொல்லியிருப்பேன்."

எமில் தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "மன்னிச்சுடு."

லீலண்ட் உடனே மன்னிக்கவில்லை. காபியை எடுத்து மெதுவாகக் குடித்தான்.

"சின்னப் பொண்ணுகிட்ட நாளைக்குன்னு சொல்லியாச்சா?"

"சொல்லிட்டேன்" என்றாள் டார்லா. குரல் உடைந்திருந்தது.

"அப்ப நான் ஓட்டுறேன். என் டாக்டர் பேப்பர் சுத்தம்." எமில் பக்கம் தலையைத் திருப்பாமலே சொன்னான். "ஆனா காலைல விமானத்தைச் சுத்திப் பார்க்குறது நீ. நான் பார்த்தா உன் பொண்ணு நம்பமாட்டா."

டார்லா தலைகுனிந்து வந்து, அப்பாவுக்கு மறுபக்கம் இருந்தவர் எழுந்து கொடுத்த நாற்காலியில் உட்கார்ந்தாள். லீலண்டின் கோப்பையில் காபி ஊற்றினாள். பிறகு உள்ளங்கையை மேஜைமேல் விரித்து அப்பாவிடம் நீட்டினாள். எமில் தன் கையை அதில் வைத்தார். அவள் அதை அழுத்திப் பிடித்தாள், ஆனால் விரித்த கையை மூடவில்லை.

"வண்டிச் சாவி, அப்பா."

அவருக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. வானத்துக்கும் சாலைக்கும் அவரிடம் இருந்தது ஒரே அட்டைதான், அந்தக் கார் லைசென்ஸ். சட்டைப் பையில் துழாவி, பிக்கப் வண்டியின் சாவியை எடுத்து அவள் கையில் வைத்தார். வைத்த பிறகும் விரலை எடுக்க மனம் வராமல் கொஞ்சம் இருந்தார்.

"அப்ப நாளைக்குக் காலைல நான் எப்படி வர்றது?" என்று கேட்டார், குறிப்பாக யாரையும் பார்க்காமல்.

லீலண்ட் சிரப் பாட்டிலை எமிலின் தட்டுப் பக்கம் தள்ளினான்.

"ஆறு மணிக்கு உன் வாசல்ல ஹாரன் அடிப்பேன். ரெண்டாவது தடவை அடிக்கமாட்டேன்."